கோயில் திருவிழாவைக் கணினியிலிருந்து நேரலையாக விடுவது எப்படி?

வெளிநாட்டில் இருந்து பார்க்கிற சொந்தக்காரர் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார். நின்று நின்று வருகிற படத்தையும் கரகரக்கிற சத்தத்தையும் பொறுக்கமாட்டார். புதுக் கமரா வாங்குவதற்கு முதல் இணைப்பையும் ஒலியையும் கவனியுங்கள்.

யூரியூப் சனலைப் போன் நம்பரால் உறுதிப்படுத்தி நேரலை வசதியைக் கேட்டால், முதன்முறை அது திறபட 24 மணித்தியாலம் வரை எடுக்கும். கொடியேற்றத்தன்று காலையில் தொடங்கினால் கொடி ஏறிவிடும்.

அடுத்தது ஏற்றும் வேகம். அதைக் கோயிலடியிலேயே, சனம் கூடும் நேரத்தில் சோதியுங்கள். வெறும் வீதியில் நன்றாக ஓடிய 4ஜி, தேரன்று எல்லாப் போன்களும் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது படுத்துவிடும். பக்கத்து வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து லான் கேபிள் இழுப்பது எவ்வளவோ மேல். 100 மீற்றர் வரை பிரச்சினையில்லை. கிடைக்கும் வேகத்தில் பாதியை மட்டும் எடுங்கள். 5 எம்பிபிஎஸ் வந்தால் 720பி தரப் படத்தை 2,500 கேபிபிஎஸ்ஸில் (5 எம்பிபிஎஸ்ஸின் பாதி) விட்டால் போதும். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி டேட்டா போகும்.

கணினியிலிருந்து நேரலையை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்ரூடியோ இலவசம். அவுட்புட் பகுதியில் சிபிஆர் (செக்கனுக்குப் போகும் டேட்டா அளவு, அதாவது பிற்ரேற், மாறாதிருக்கும் முறை), கீஃபிரேம் (முழுப் படம்) இடைவெளி 2 செக்கன், ஒலி 128 கேபிபிஎஸ் என்று வையுங்கள். எங்கள் இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் செக்கனுக்கு 25 பிரேம், கமரா ஷட்டர் 1/50. இல்லாவிட்டால் ரியூப் லைற் மினுக்கும். பிறகு யூரியூப் தரும் ஸ்ட்ரீம் கீயை, அதாவது உங்கள் சனலுக்கான இரகசியக் குறியீட்டை, ஓபிஎஸ்ஸில் ஒட்டுங்கள். அது கையில் கிடைத்தவர் உங்கள் சனலில் எதையும் விடலாம்.

பெரும்பாலான நேரலைகள் கெடுவது ஒலியில்தான். ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரில் இருந்து வரும் லைன் சிக்னலை லப்டொப்பின் மைக் துளையில் செருகினால் தவிலும் நாதஸ்வரமும் உடைந்து கேட்கும்; அந்தத் துளை மெல்லிய மைக் சிக்னலுக்கானது. லைன் இன் உள்ள யூஎஸ்பி ஓடியோ இன்ரர்ஃபேஸ் வேண்டும். தவில் உச்சத்தில் மீட்டர் -10 டெசிபெல் அளவில் நிற்கட்டும். இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப் (மின் இணைப்புகள் வழியே சுற்றிவரும் இரைச்சல்), ஓடியோ ஐசொலேற்றர் போடவேண்டும். கமராப் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் கப்சர் கார்ட் வழியே படம் பிந்தி வரும். கமராவுக்கு முன் கைதட்டிப் பதிவுசெய்து, ஒலியைப் பிந்தவைக்கும் ஓபிஎஸ்ஸின் சிங்க் ஓஃப்செற்றில் 100 மில்லிசெக்கனில் தொடங்கிச் சரிபாருங்கள்.

படம் திக்கினால் ஓபிஎஸ்ஸின் ஸ்ரற்ஸ் பலகையைப் பாருங்கள். டிரொப்ட் பிரேம் (அனுப்பமுடியாமல் விடுபட்ட படங்கள்) கூடினால் குற்றம் இணைப்பில்: பிற்ரேற்றைக் குறையுங்கள். என்கோடிங் லாக் என்றால் கணினி திணறுகிறது: படத்தைச் சுருக்கும் வேலையை சிபியூவில் செய்யும் எக்ஸ்264ஐ விட்டு, அதை கிராபிக்ஸ் சிப்பில் செய்யும் என்வெங்க் அல்லது குவிக்சிங்குக்கு மாறுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு புது லப்டொப் வாங்குபவர்கள் உண்டு.

கரண்ட் போனால் லப்டொப்புக்கு பற்றரி இருக்கிறது, றூட்டருக்கு இல்லை. 12 வோல்ற் மினி யூபிஎஸ் ஒன்று கட்டாயம். கூடவே ஓபிஎஸ்ஸில் எம்கேவி என்ற கோப்பு வகையில் பதிவும் ஓடட்டும். நடுவில் அறுந்தாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும், சாதாரண எம்பி4 அப்படியில்லை. பூசை இடைவேளையில் பக்திப்பாட்டு சீடி போட்டால் ஒலியை அடைத்துவிடுங்கள், காப்புரிமைக் கோரிக்கையால் நேரலையே நிற்கலாம்.

இலங்கையில் காலை 10 மணிப் பூசை, ஆவணியில் லண்டனுக்கு 5.30, ரொறன்ரோவுக்கு நள்ளிரவு 12.30. அறிவித்தலில் மூன்று நேரத்தையும் போடுங்கள். யூரியூப்பில், இணைப்பு அறுந்தால் நேரலையைத் தானாக முடித்துவிடும் ஓட்டோ ஸ்ரொப்பை நிறுத்திவையுங்கள். இணைப்பு விழுந்து எழும்பினாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே லிங்க் வேலை செய்யும்.