எது முதலில் தீரும்? வினைக்கட்டுப்பாட்டுக் காரணியைக் கண்டுபிடிக்கும் வழி

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இப்போது நடத்தும் முறை இது. அணு, மூலக்கூறு, மோல் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வினையில் முதலில் தீர்ந்துபோய், விளைபொருள் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பொருள்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.

படி 1: சமன் செய்யுங்கள்

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா. யூரியா உரத்துக்கு மூலப்பொருள் இந்த அம்மோனியாதான். புளியங்கொட்டையை நைட்ரஜன் அணுவாகவும் கொண்டைக்கடலையை ஹைட்ரஜன் அணுவாகவும் மேசையில் பரப்புங்கள். கையால் நகர்த்தினால்தான் காரணம் புரியும். இரண்டுமே ஜோடி ஜோடியாகத்தான் வரும். ஓர் அம்மோனியாவுக்கு ஒரு கொட்டை, மூன்று கடலை. எதுவும் மிஞ்சாமல் அடுக்கினால் கிடைப்பது:

1 நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் → 2 அம்மோனியா

முன்னால் நிற்கும் எண்ணை (அதுதான் குணகம்) மட்டும் மாற்றுங்கள். மூலக்கூறுக்குள் இருக்கும் எண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும். தண்ணீரில் ஓர் ஆக்சிஜனைக் கூட்டினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு.

படி 2: கிராமை மோலாக்குங்கள்

28 கிராம் நைட்ரஜன் 1 மோல். 5 கிராம் ஹைட்ரஜன் 2.5 மோல்.

படி 3: குணகத்தால் வகுங்கள்

படிக்கும் காலத்தில் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். 1 மோல், 2.5 மோல் இரண்டையும் பார்த்து, குறைவாக இருக்கும் நைட்ரஜன்தான் முதலில் தீரும் என்று எழுதி முழு மதிப்பெண்ணையும் இழந்தேன்.

கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை நினைத்துப் பாருங்கள். பைக்கு 1 தேங்காய், 2 வெற்றிலை. கையில் 40 தேங்காய், 60 வெற்றிலை. வெற்றிலைதான் அதிகம். ஆனால் 30 பையோடு அது தீர்ந்துவிடும், 10 தேங்காய் மிஞ்சும். எத்தனை இருக்கிறது என்பதைவிட, எத்தனை பைக்கு வரும் என்பதே கேள்வி.

அதேபோல் நைட்ரஜன் 1 ÷ 1 = 1. ஹைட்ரஜன் 2.5 ÷ 3 = 5/6. சின்ன எண் ஹைட்ரஜனுக்கு, ஆக அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. 5/6 என்பதைத் தசமமாக்க அவசரப்பட வேண்டாம்.

படி 4: விளைபொருள், மிச்சம்

அம்மோனியா 2 × 5/6 = 5/3 மோல்; 17 ஆல் பெருக்கினால் 28.3 கிராம். நைட்ரஜனில் மிச்சம் 1/6 மோல், அதாவது 4.7 கிராம். கூட்டினால் 33 கிராம். தொடக்கத்தில் போட்டதும் 28 + 5 = 33. இந்தச் சரிபார்ப்பை எந்தக் கணக்கிலும் விடாதீர்கள்.

(தொழிற்சாலையில் இந்த வினை முழுதாக முடிவதில்லை, மீளக்கூடிய வினை. கணக்கில் முழுதாக நடப்பதாகக் கொள்கிறோம்.)

பின்சேர்க்கை: சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேனை எரிக்கும் சமன்பாட்டில் ஆக்சிஜனுக்கு 6.5 வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். தப்பில்லை. கார்பன், அப்புறம் ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன் என்று சமன் செய்தால் அப்படித்தான் வரும். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிடுங்கள்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

இடப்பக்கம் 26 ஆக்சிஜன் அணு. வலப்பக்கம் 16 + 10, அதே 26.