பேரனுக்கு ஸீக்ஃப்ரீட் என்று பெயரா? இதைப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கத்து அப்பம்மாமாருக்கு இது பழகிப்போன வேலை. பிள்ளை ஜேர்மனியில் பிறக்கும், குறிப்பை இங்கே சாத்திரியார் எழுதுவார், சதயம் என்றால் கோ, ஸா, ஸீ, ஸூ என்று எழுத்துக் கொடுப்பார், அங்கே தாய் தகப்பன் அதற்கொரு ஜேர்மன் பெயரைப் பிடித்து "ஸீக்ஃப்ரீட் எப்படி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள்.

முதலில் பெயரை இரண்டாக உடையுங்கள். பழைய ஜேர்மானியப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுதான். ஸீக் வெற்றி, ஃப்ரீட் அமைதி. பழைய வழக்கில் காவல் என்றும் பொருள். ஒட்டி "வெற்றியால் வரும் அமைதி" என்று இணையத்தில் போட்டிருப்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள், அந்தக் காலத்தில் குடும்பத்தாரின் பெயர்களிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிள்ளைக்கு வைப்பார்கள், சேர்த்தால் என்ன பொருள் என்று அவ்வளவாக மினக்கெடுவதில்லை. ஸீக்ஃப்ரீட் என்ற வீரனின் பழைய கதையிலேயே தகப்பன் ஸீக்முண்ட், தாய் ஸீக்லிண்ட்.

அடுத்து அந்தக் கதையைப் படியுங்கள், பெயரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1200ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட நிபெலுங்கென்லீட் காவியத்தில் இவன் ரைன் ஆற்றங்கரை க்ஸாண்டன் இளவரசன். டிராகனைக் கொன்று அதன் இரத்தத்தில் குளித்ததால் தோல் இறுகி ஆயுதம் ஏறாது. ஆனால் குளிக்கும்போது ஒரு லிண்டன் மர இலை தோள்களுக்கு நடுவே விழுந்து ஒட்டிவிட்டது. துரியோதனன் தொடை மாதிரி அந்த இடம் மட்டும் தப்பிவிட்டது. மனைவி கிரீம்ஹில்ட், தன் அண்ணனின் அரசவை வீரன் ஹாகன் அவனைக் காப்பான் என்று நம்பி, உடுப்பில் அதே இடத்தில் சின்னச் சிலுவை தைத்துவிடுகிறாள். அவன் ஊற்றில் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது ஹாகன் அந்தத் தையலைப் பார்த்தே ஈட்டியை இறக்குகிறான். வட ஐரோப்பியக் கதையில் இவனே சிகுர்ட். டிராகனின் இதய இரத்தம் நாக்கில் பட்டதும் குருவிகள் கதைப்பது விளங்குகிறது. பேரனுக்குச் சொல்ல இதுதான் நல்லது.

உண்மையில் வாழ்ந்தவனா என்றால், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் தோற்ற நாளைக் கற்சிலைமடுக் கல்லில் 1803 ஒக்டோபர் 31 என்று பொறித்ததுபோல இவனுக்கு எதுவும் கிடையாது. 575இல் கொல்லப்பட்ட பிராங்கிய அரசன் ஸிகிபெர்ட்டின் சாயல் என்பார் சிலர். அவன் மனைவி புருன்ஹில்டா, கதையிலும் ஒரு புருன்ஹில்ட் வருகிறாள்.

அப்புறம், இன்று அங்கே இது தாத்தாமார் பெயர். அது தெரிந்துதான் வைக்கிறார்களா என்று கேளுங்கள். செல்லமாக ஸிகி என்பார்கள், உங்கள் வாயில் சிகி ஆகும், பரவாயில்லை. ஜேர்மனியில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் பதியலாம், ஆகவே இரண்டாவதாக ஒரு தமிழ்ப் பெயரும் போடச் சொல்லுங்கள். அர்ச்சனைக்குச் சொல்ல ஐயர் திணறமாட்டார்.