ஒகேனக்கல்லில் தொழில் தொடங்கும் புதியவர்களுக்கு: சங்கத்தில் சேர்ந்தும் பலன் இல்லாமல் போவது எதனால்?

எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் போன கூட்டத்துக்கு மூன்று புது ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவர் பென்னாகரம் சாலையில் ஆறு அறை லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், ஒரு தம்பி தர்மபுரியிலிருந்து வேன் ஓட்டுகிறார், ஒரு தங்கச்சி மீன் வறுவல் கடை போடப்போகிறார். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவர்கள் பேசியதைக் கேட்டால், பதினாறு வருடத்துக்கு முன்னால் லாட்ஜ் திறந்த புதிதில் நான் பேசியதே திரும்ப வருகிறது. அதனால்தான் புதியவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். விலைப்பட்டியல் மாட்டுவது, கல்லாவில் சில்லறை வைப்பது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை, அதெல்லாம் ஒரே சீசனில் தானாகப் புரிந்துவிடும்.

சங்கம் கடன் கொடுக்கும் என்று நம்பிச் சேர்வது

கொடுக்காது. கடனுக்கும் மானியத்துக்கும் மாவட்டத் தொழில் மையமும் வங்கியும்தான். ஆனால் எந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும், எந்தத் தாள் இல்லாமல் மனு திரும்பி வரும் என்பது சங்கத்தில் ஏற்கெனவே அலைந்து முடித்தவருக்குத் தெரியும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அந்த ஒரு விஷயம் தெரியாமல் இடைத்தரகரிடம் பணம் கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

வியாபாரக் கணக்கைச் சங்கத்திடம் மறைப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு வருடம் ஆடி மாதம். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டார்கள். மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து மளமளவென்று ஏறியது, அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டார்கள். தடை சரிதான், ஆற்றோடு விளையாட முடியாது. ஆனால் அது வாரக்கணக்கில் நீண்டது. ஒகேனக்கல்லில் பரிசல் நின்றால் மசாஜ் செய்பவர், மீன் வறுப்பவர், மீன் வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்துத் தருபவர், லாட்ஜ், வேன் எல்லாமே நின்றுவிடும். மூடிக் கிடந்த நாட்களுக்குக் கடை வாடகையைக் குறைக்கச் சொல்லி சங்கத்திலிருந்து பதினொரு பேர் மனு கொண்டுபோனோம்.

மனுவை வாங்கிய அலுவலர் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். நான்கே கேள்வி கேட்டார். மொத்தம் எத்தனை கடை, எத்தனை நாள் மூடல், வழக்கமான ஆடி ஞாயிற்றுக்கிழமை என்ன வியாபாரம், இந்த ஞாயிறு என்ன வியாபாரம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பின்னாலிருந்து யாரோ "கோடிக்கணக்கில் நஷ்டம் சார்" என்றார். அலுவலர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதற்குமேல் அவர் எதை எழுதுவார்?

இதில் என் பங்கு என்ன தெரியுமா? இரண்டு மாதம் முன்புதான் செயலாளர் அண்ணன் எல்லாருக்கும் ஒரு பக்கத் தாள் கொடுத்திருந்தார். நிரம்பிய அறை, ரத்தான முன்பதிவு, மூடிய நாள், அவ்வளவுதான் கேட்டிருந்தார். என்னிடம் நோட்டில் ஒவ்வொரு நாளும் இருந்தது. ஆனால் பக்கத்து லாட்ஜ்காரருக்கு என் அறை வாடகை தெரிந்துவிடும், வரி ஆபீஸுக்குப் போய்விடும் என்று பயந்து எல்லாக் கட்டத்திலும் "சுமார்" என்று எழுதிக் கொடுத்தேன். பாதிப் பேர் அதைக்கூடக் கொடுக்கவில்லை. அந்த வருடம் முழு வாடகையும் கட்டினோம்.

ஒழுங்கான கணக்கு வைத்திருந்தது மீன் வறுக்கும் ஓர் அக்கா மட்டும்தான், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் எழுதி, சணல் கயிற்றில் கோத்து ஆணியில் மாட்டியிருந்தார். "மீன் 14 கிலோ, எண்ணெய் 3, மிச்சம் இல்லை" என்று ஒரு ஞாயிறு. அடுத்த ஞாயிறு "பரிசல் இல்லை. மீன் 3 கிலோ, மிச்சம் 2." தாளெல்லாம் எண்ணெய்க் கறை, ஓரத்தில் மஞ்சள் விரல் ரேகை. எங்கள் பதினொரு பேரின் பேச்சைவிட அந்த இரண்டு தாள் விவரமாகப் பேசியது.

அடுத்த முறை தடை வந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட கடைகளின் கணக்கைக் கூட்டி எடுத்துக்கொண்டு போனோம். தள்ளுபடி கிடைக்கவில்லை, ஆனால் வாடகையைத் தவணையில் கட்ட அனுமதி கிடைத்தது. தாளில் கடைப் பெயர் வேண்டாம், எண் போதும், வெளியே போவது கூட்டுத்தொகை மட்டும்தான் என்று முடிவு செய்த பிறகு பயந்தவர்களும் கொடுத்தார்கள். இன்னொரு பலனும் கிடைத்தது. வண்டி எண்களைக் குறித்துப் பார்த்தபோது வார இறுதியில் கேஏ என்ற கர்நாடகப் பதிவு வண்டிகள்தான் அதிகம் என்று தெரிந்து, சங்கச் செலவில் கன்னடத்திலும் விலைப் பலகை அடித்தோம். சங்கம் உங்களுக்காக எங்கேயாவது போய்ப் பேச வேண்டுமென்றால் அதன் கையில் இருக்கும் ஒரே சரக்கு உங்கள் கணக்குதான், அதை நீங்களே பூட்டி வைத்துக்கொண்டு "சங்கம் என்ன செய்தது" என்று கேட்பது நியாயமே இல்லை.

சந்தாவைச் சீசனுக்கு மட்டும் கட்டுவது

ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதத்திலும் கட்டுங்கள்.

"வாங்க சார், பரிசல் ஓடுது" என்று சொல்லி வரவழைப்பது

காலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை கன அடி வருகிறது, பரிசல் உண்டா இல்லையா என்று போடுகிறோம். போனில் கேட்பவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். பெங்களூரிலிருந்து பிள்ளைகளோடு வந்து தடுப்புக் கம்பிக்கு முன்னால் நிற்பவர், உங்கள் கடைப் பெயரைச் சொல்லமாட்டார், ஒகேனக்கல்லே ஏமாற்று என்றுதான் சொல்வார். தடை நாளில் வேறு வழி இருக்கிறது. முதலைப் பண்ணை, பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம், அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் என்று ஒரு நாள் சுற்றைச் சொல்லி சங்கத்து வேன்காரரோடு அனுப்பினால், அறையை ரத்து செய்ய நினைத்தவர்கூடத் தங்கிவிடுகிறார். நான் பார்த்திருக்கிறேன்.

குறையை வாயால் சொல்லிவிட்டுப் போவது

எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

எந்தச் சங்கம் என்று பார்க்காமல் சேர்வது

ஏழு பேர் இருந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். ஆகவே பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். பதிவு எண் என்ன, வருடாவருடம் வரவு செலவும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிற சங்கத்தில் சேராதீர்கள். எங்களிடமும் கேளுங்கள், ஃபைல் அலமாரியில் இருக்கிறது.

கண்காட்சியில் இடம் வாங்கிவிட்டு ஆள் அனுப்பாதது

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு அவ்வளவு கூட்டம் வருகிறது. வெறும் மேசையைப் பார்த்துவிட்டு யாரும் ஒகேனக்கல்லுக்கு வண்டி ஏற மாட்டார்கள்.

அப்புறம், அந்த ஒரு பக்கத் தாள் இப்போதும் செயலாளரிடம் இருக்கிறது. புதிதாக வந்த மூவரும் அடுத்த கூட்டத்துக்கு அதை நிரப்பி எடுத்து வாருங்கள், "சுமார்" என்று எங்கேயும் எழுதாமல்.