ஏர் ரைபிளுக்கு வீட்டிலேயே முதல் மர ஸ்டாக்: கருவிகளும் செய்முறையும்

துப்பாக்கி சுடுதலில் நாட்டம் உள்ளவர்களுக்குத் தம் கையாலேயே ஒரு ரைபிளை உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை என்றாவது ஒரு நாள் வரும். நம் நாட்டில் அந்த ஆசைக்குச் சட்டம் ஒரு தெளிவான எல்லை வகுத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத, காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிள்களையே உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். எனவே குழல், சிலிண்டர், ஸ்பிரிங், விசை ஆகிய உலோகப் பாகங்களில் கை வைக்காமல், அவற்றைத் தாங்கி நிற்கும் மரக்கட்டையை, அதாவது ஸ்டாக்கை, நம் உடலுக்கேற்ப நாமே செய்துகொள்வதுதான் வீட்டில் செய்யத்தக்க வேலை. இதைச் சிறிய வேலை என்று எவரும் எண்ண வேண்டாம். தோளும் கன்னமும் கையும் தொடுவது மரத்தைத்தான். குறி நிலைப்பதும் தவறுவதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் மரம். உலகெங்கும் ரைபிள் ஸ்டாக்குக்கு வால்நட் மரமே பெயர் பெற்றது. வேலூர்ப் பக்கத்து மரவாடிகளில் அதைத் தேடி அலைவதை விட, நம் ஊரில் கிடைப்பவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பதே நல்லது. தேக்கு நிலையாக நிற்கும், எளிதில் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் உளியின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். வாகை பார்வைக்கு அழகானது என்றாலும், நாரோட்டம் மாறி மாறி ஓடுவதால் புதியவருக்கு இழைக்க வராது. அதன் தூளும் தும்மலைக் கிளப்பும். மா மரம் விலை குறைவு, ஆனால் எளிதில் வண்டு துளைக்கும். முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது பலா. வீணை செய்வோர் தலைமுறைகளாக அதைக் குடைந்து வருவதற்குக் காரணம் உண்டு: உளிக்கு இணக்கமாக வெட்டுப்படும், பதமாக உலர்ந்த பின் வடிவம் மாறாது. ஜவ்வாது மலை நமக்கு அருகில் இருப்பதால், மலிவாகத் தருகிறேன் என்று சந்தனத்தையோ செம்மரத்தையோ யாராவது காட்டக்கூடும். முறையான ஆவணம் இல்லாத அத்தகைய மரத்தை வாங்குவது வழக்கில்தான் கொண்டுபோய் விடும்.

மரவாடியில் சுமார் 80 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம் உள்ள பலகையைக் கேட்கலாம். உங்கள் ரைபிளின் நீளத்தை முன்கூட்டியே அளந்துகொண்டு போவது அவசியம். வைரம் பாய்ந்த பகுதியாகவும், கணுவோ வெடிப்போ இல்லாததாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, கைப்பிடி வரும் மெல்லிய இடத்தில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை. அங்கே நார் நீளவாக்கில் ஓடினால் ஸ்டாக் பல ஆண்டுகள் தாங்கும். குறுக்கே வெட்டுப்பட்டு ஓடினால், ஒரு முறை கீழே விழுந்தாலே கைப்பிடியில் முறிந்துவிடும். அட்டையில் ஸ்டாக்கின் வடிவத்தை வெட்டி எடுத்துச் சென்று, பலகையின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். நன்றாக உலர்ந்த மரம் என்று கடைக்காரர் சொன்னாலும், வீட்டில் காற்றோட்டமான நிழலில் சில வாரங்கள் கிடத்திவைப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் மரத்தைச் சுருக்கும், ஐப்பசி மழை அதை ஊதச் செய்யும். மழைக்காலத்தில் வாங்கி மறுநாளே குடைந்த பலகை, கோடையில் உலோகத்தை விட்டு விலகி நிற்கும்.

கருவிகளைப் பொறுத்தவரை, குறைவாக வாங்கி நிறைவாகப் பழகுவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. 6, 12, 25 மி.மீ. அகலத்தில் மூன்று தட்டை உளிகள், சிலிண்டர் படியும் அரைவட்டப் பள்ளத்துக்காக ஒரு நகவுளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு சிறிய இழைப்புளி, மரத்துக்கான முரட்டு அரம் ஒன்று, மூலைமட்டம், உலோக ஸ்கேல், இரண்டு ஜி கிளாம்ப், ஒரு கை டிரில் ஆகியவை போதும். பலகையை வடிவத்துக்கு அறுப்பதற்காக மட்டும் இயந்திர ரம்பம் வாங்க வேண்டியதில்லை. கோட்டுக்கு வெளியே அரை செ.மீ. விட்டுத் தச்சுப் பட்டறையில் கூலிக்கு அறுத்து வாங்கிக்கொள்ளலாம். மரத்தில் பள்ளம் குடையும் மின்கருவியான ரவுட்டர் வேலையை விரைவாக்கும் என்பது உண்மைதான், ஆனால் தவற்றையும் அதே வேகத்தில் செய்துவிடும். முதல் ஸ்டாக்கில் அதைத் தவிர்க்கவும்.

எந்தக் கருவியை வாங்கினாலும் சாணைக்கல்லுக்குப் பணம் ஒதுக்காமல் கடையை விட்டு வரக் கூடாது. புதிய உளி வெட்டத் தயாராக வருவதில்லை. அதன் பின்புறத்தைக் கல்லில் சமதளமாகத் தேய்த்து, முன்முனையை 25 முதல் 30 பாகைச் சாய்வில் தீட்ட வேண்டும். கடைசியாகத் தோலில் இழுத்தால்தான் முனையில் ஒட்டியிருக்கும் பிசிறு போகும். இதற்கு நம் பகுதியில் குறைவே இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் வட்டாரத்தில் வெட்டுத்துண்டுகள் எளிதில் கிடைக்கும். குரோம் பதனிட்ட மெத்தென்ற தோலைத் தவிர்த்து, மரப்பட்டையில் பதனிட்ட விறைப்பான தோலைக் கேட்டு வாங்கி, ஒரு சமமான பலகையில் ஒட்டி, பாலிஷ் பசையைத் தடவிக்கொள்ள வேண்டும். உளியின் முனையைப் பின்னோக்கி மட்டுமே இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் தோல் கிழியும். பலாப் பலகையின் குறுக்கு வெட்டில் கையால் அழுத்தினாலே நொறுங்காமல் வழவழப்பாகச் சீவல் வந்தால், உளி தயார்.

வேலையைத் தொடங்குமுன் ரைபிளில் குண்டு இல்லை, ஸ்பிரிங் இழுக்கப்பட்ட நிலையில் இல்லை என்பதை இரு முறை சரிபார்த்த பின்னரே பழைய ஸ்டாக்கைக் கழற்ற வேண்டும். கழற்றிய நிலையில் ஸ்பிரிங்கை இழுப்பதோ விசையை அழுத்துவதோ விரல்களைப் பறிக்கக்கூடிய ஆபத்து. பழைய ஸ்டாக்கைத் துளியும் மாற்றாமல் பத்திரப்படுத்துங்கள். அதுவே உங்கள் அளவுகோல்.

புதியவர்கள் வெளிவடிவத்தைச் செதுக்க ஆசைப்பட்டு முதலில் அதில் இறங்கிவிடுவது வழக்கம். வரிசை அதற்கு நேர்மாறானது. பலகை நான்கு பக்கமும் சதுரமாக இருக்கும்போதே கிளாம்பில் அசையாமல் நிற்கும், அளவும் நேராக எடுக்க முடியும். ஆகவே உள்பள்ளத்தை முடித்த பிறகே வெளிப்புறத்தைத் தொட வேண்டும். மேற்பரப்பை இழைத்து, நடுக்கோடு கீறி, பள்ளம் வரும் இடத்தில் டிரிலால் அடுத்தடுத்துத் துளையிட்டுப் பெரும்பகுதி மரத்தை அகற்றிவிட்டு, எஞ்சியதை உளியால் எடுக்க வேண்டும். டிரில் பிட்டில் தேவையான ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு டேப்பைச் சுற்றிவைத்தால் ஆழம் மீறாது.

பள்ளம் ஏறத்தாழ வந்த பின் தொடங்குவதுதான் இந்த வேலையின் உயிரான பகுதி. கண் மையைச் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் மிக மெல்லியதாகத் தடவி, பள்ளத்தில் நேராக இறக்கி, மெதுவாக அழுத்தி, வந்த வழியே தூக்க வேண்டும். மரத்தில் கறுப்பாகப் பதிந்த புள்ளிகள் மட்டுமே உலோகத்தைத் தொடும் மேடுகள். அவற்றை மட்டும் நகவுளியால் தாள் அளவு சீவிவிட்டு, மறுபடி மை தடவி, மறுபடி இறக்க வேண்டும். தொடக்கத்தில் நான்கைந்து புள்ளிகள் மட்டும் தெரியும். போகப் போக அவை பரவி, கடைசியில் பள்ளம் முழுவதும் ஒரே சீராக மங்கிய கறுப்பு படியும். கறுப்பு படாத இடத்தைச் சீவினால் அங்கே இடைவெளி விழும், அதை நிரப்ப வழியில்லை. மாலையில் கை சோர்ந்த நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

குழலை மடக்கி இயக்கும் ரைபிளானால், மடக்கும் நெம்புகோல் ஓடும் நீள்பள்ளம் எந்த இடத்திலும் அதைத் தொடக் கூடாது. திருகுத் துளைகள் திருகை விடச் சிறிது அகலமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது பின்னும் முன்னுமாக உதறும். திருகு மரத்தையே முட்டிக்கொண்டிருந்தால் நாளடைவில் வெடிப்பு ஏற்படும். திருகுத் தலையின் அடியில் கிண்ண வாஷர் வைத்தால் மரம் நசுங்காது.

இதனோடு ஒப்பிட்டால் வெளிவடிவம் எளிது. விசையிலிருந்து, தோளில் படியும் பின்தட்டு வரை பெரியவர்களுக்குப் பொதுவாக 33 முதல் 36 செ.மீ. பொருந்தும். முதலில் சற்று நீளமாக விட்டு, கனமான சட்டையணிந்தும் பனியனோடும் தோளில் வைத்துப் பார்த்துக் குறைக்கலாம். கண்ணை மூடி ரைபிளை ஏந்தி, கன்னத்தைச் சாய்த்துப் பிறகு கண்ணைத் திறந்தால், குறிமுள் தானாக நேரே நிற்க வேண்டும். அப்படி நிற்கும் வரை கன்னம் படியும் மேட்டை அரத்தால் சிறிது சிறிதாகத் தாழ்த்துங்கள்.

உப்புத்தாளில் 80இல் தொடங்கி 120, 180, 240 என்று முன்னேறி, இடையில் ஈரத்துணியால் துடைத்து எழும் நாரை மீண்டும் தேய்த்துவிட வேண்டும். தூள் பறக்கும்போது முகக்கவசம் கட்டாயம். பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய் போதும்: மெல்லிய பூச்சாகத் தடவி, எஞ்சியதைத் துடைத்து, நன்கு காய்ந்த பின் அடுத்தது. உள்பள்ளத்துக்கும் திருகுத் துளைகளுக்கும் பின்தட்டின் கீழுள்ள குறுக்கு வெட்டுக்கும் தவறாமல் பூச வேண்டும். மழைக்காலத்து ஈரம் புகுவது அந்த வழிகளில்தான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அதை வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

பொருத்திய பின் 10 மீட்டரில், பின்னால் உறுதியான தடுப்புச் சுவர் வைத்துச் சுட்டுப் பாருங்கள். முதல் சில நாள்கள் ஒவ்வொரு முறை சுட்டு முடித்ததும் திருகுகளைச் சோதித்து இறுக்க வேண்டியிருக்கும், ஏனெனில் மரம் உலோகத்தோடு படிந்துகொண்டிருக்கும். குண்டுகள் காகிதத்தில் திடீரெனச் சிதற ஆரம்பித்தால் குறியமைப்பைத் திருத்தாதீர்கள். முதலில் திருப்புளியை எடுங்கள். திருகு தளராமல் இருந்தும் சிதறினால், ஸ்டாக்கைக் கழற்றி, மறுபடி கண் மை தடவி, எந்த மேடு முட்டுகிறது என்று பாருங்கள்.