வைட்டமின் டி குறைந்தால் புரோஸ்டேட் புற்றுநோயா? பலர் செய்யும் தவறுகள்

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்ததும், ஐம்பதைத் தாண்டிய சில ஆண்களுக்கு புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் பயம் பிடித்துக்கொள்கிறது. பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. டி குறைபாடு இந்தப் புற்றுநோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று 1990இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஷ்வார்ட்ஸும் ஹல்காவும் எழுதினார்கள். சிகாகோவில் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) செய்துகொண்ட ஆண்களைப் பற்றி 2014இல் வெளியான ஆய்விலும், டி மிகக் குறைந்தவர்களிடம் வீரியமான வகைப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது.

சரி, அப்படியானால் மாத்திரை போட்டால் தப்பிக்கலாம்தானே? இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்றாகாது. உடல் பருமனும் வெயில் படாத வாழ்க்கையும்கூட டி அளவைக் குறைக்கும். டி மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமா என்று சோதிக்க அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வு நடந்தது. 25,871 பேரில் பாதிப் பேருக்கு தினமும் 2,000 யூனிட் டி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. ஐந்து ஆண்டுக்கு மேல் பார்த்தும், புரோஸ்டேட் புற்றுநோய் குறைந்தது என்று சொல்லுமளவு வித்தியாசம் இல்லை. இன்னொரு வேடிக்கை: பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, டி அதிகமுள்ளவர்களிடம் வீரியமில்லாத வகை சற்றுக் கூடுதலாகவே இருந்தது. உடம்பில் அக்கறை உள்ளவர்கள் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை) பரிசோதனையும் செய்துகொள்வார்கள், அதனால் நோய் அதிகம் கண்ணில் படுகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம்.

அடுத்த தவறு, ‘வைட்டமின்தானே’ என்று அள்ளி விழுங்குவது. வாரத்துக்கு ஒன்று என்று எழுதித்தரும் 60,000 யூனிட் மாத்திரையை தினமும் போடுபவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகும். அதிலும் வைட்டமின் ஈ விஷயம் நினைவிருக்கட்டும். புரோஸ்டேட்டைக் காக்கும் என்று நம்பி அதை செலக்ட் என்ற ஆய்வில் கொடுத்தார்கள். அதை மட்டும் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது என்று 2011இல் தெரிந்தது.

டி நார்மல் என்பதால் பிஎஸ்ஏ வேண்டாம் என்று முடிவெடுப்பதும் தப்பு. ஆரம்ப நிலையில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி இருக்காது. பிஎஸ்ஏ தேவையா என்பதை வயது, குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா என்பதை வைத்து டாக்டருடன் பேசி முடிவெடுக்கலாம். டி ரிப்போர்ட்டுக்கு அதில் வேலையில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் டி மாத்திரையைத் தூக்கிப்போட்டால் அது இன்னும் மோசம். டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசி எலும்பைப் பலவீனமாக்கும், எலும்பு முறிவு அபாயம் கூடும். அவர்களுக்கு கால்சியமும் டியும் தருவது எலும்புக்காக, புற்றுநோயைக் கரைக்க அல்ல. ஊசி போட்டுக்கொள்பவர்கள் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.