சுங்கை சிப்புட்டுக்குப் புதிதா? முதல் ஞாயிறு கோலகங்சார் ஆற்றங்கரைக்குப் போங்கள்

வீடு பார்த்தாயிற்று, சிம் கார்டு வாங்கியாயிற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூட விஷயமும் ஒருவழியாக நகர்கிறது. சரி, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள்? தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் திண்டாடுகின்றன. சுற்றிலும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையும் ரப்பரும். தாமானை, அதாவது குடியிருப்புப் பகுதியை விட்டு வெளியே வந்தால் நடைபாதை இல்லாத சாலை, அதில் பறக்கிற லாரியும் மோட்டார் சைக்கிளும். வேலைக்குப் போகிறவர் எப்படியும் நாலு பேரைப் பார்த்துவிடுவார். வீட்டில் இருப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் நாலு சுவரும் போனும்தான். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: அரை மணி நேரம் கார் ஓட்டிப் பக்கத்து ஊரான கோலகங்சாருக்குப் போங்கள், பேராக் ஆற்றோரமாக நடங்கள்.

நடை என்றதும் மலை, அட்டைப்பூச்சி, முதுகுப்பை என்று கற்பனை செய்ய வேண்டாம். டவுனை ஒட்டிய கரையில் தளம் போட்ட சமமான பாதை. பிள்ளையின் தள்ளுவண்டி தடங்கலில்லாமல் உருளும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் நடக்கலாம். பாதை முடிந்த பிறகும் தெம்பு இருந்தால் ஆற்றோரச் சாலையிலேயே புக்கிட் சண்டான் பக்கம் போகலாம். கடைசியில் கொஞ்சம் ஏற்றம் உண்டு. மேலே தங்கக் குமிழ் மாடங்களோடு உபுடியா மசூதி நிற்கும். 1917இல் கட்டி முடித்தார்கள். கட்டும்போது இரண்டு யானைகள் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை மிதித்து நாசமாக்கிவிட்டனவாம். ஏற்றத்தில் சிணுங்கும் பிள்ளைக்கு இந்த யானைக் கதையை எடுத்துவிட்டால் போதும், முன்னால் ஓடும். உள்ளே போக நினைத்தால் கை கால் மூடிய உடை வேண்டும், தொழுகை நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம்தான் முக்கியம். ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தால் கும்மிருட்டாக இருக்கும். இங்கே ஏழு மணி சுமாருக்குத்தான் வெளுக்கும். 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, கடலுக்கு அப்பால் போர்னியோ தீவில் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரமாக்கியதில் வந்த வினை இது. ஏழரைக்கு நடக்க ஆரம்பித்துப் பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். அதற்கு மேல் வெயிலும் புழுக்கமும் பெரியவர்களையே சுருட்டிவிடும். மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை, அதிலும் அக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம். இடி இடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்காமல் காருக்கோ கடைக்கோ போய்விடுங்கள்.

ஆற்றைப் பார்த்ததும் கால் நனைக்கத் தோன்றும். நனைக்காதீர்கள். காவிரி மாதிரி ஆடிக்கு ஒரு முகம், சித்திரைக்கு ஒரு முகம் இதற்குக் கிடையாது. பழுப்பு நிறத்தில் வருஷம் முழுக்க அகலமாக ஓடும். தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்து நீளமானது இதுதான். மேலே தெமெங்கோர் தொடங்கி செண்டரோ வரை வரிசையாக மின்சார அணைகள் இருக்கின்றன. இங்கே வானம் தெளிவாக இருந்தாலும், அங்கே தண்ணீர் திறந்தால் இங்கே மட்டம் ஏறலாம். பலகையில் ‘பஹாயா’ என்று கண்டால் ஆபத்து, ‘அவாஸ்’ என்று கண்டால் எச்சரிக்கை என்று அர்த்தம், பிள்ளைகளுக்கும் இந்த இரண்டையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கரையில் குரங்கு வந்தால் பிஸ்கட் நீட்ட வேண்டாம். அடுத்த முறை அதுவே பையைப் பிடுங்கும்.

திரும்பும்போது மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலிக்குள் நிற்கும் ஒரு கிழட்டு ரப்பர் மரத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். எனக்கு அந்த மசூதியைவிட இதுதான் பெரிசு. 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகள் அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் மிஞ்சியது இந்த ஒற்றை மரம் என்பார்கள். ரப்பர் பிடித்தது, காடு தோட்டமானது, தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது, நம் ஆட்கள் கப்பலேறினார்கள். சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப் பள்ளி இருக்கிறது, கோவில் இருக்கிறது, உங்களுக்கு வாழை இலையில் சோறு கிடைக்கிறது என்றால் கதை இங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுக்கு வரும் வழியில் சாலையோர ரப்பர்த் தோட்டம் தென்பட்டால் ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டுங்கள். பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டு, அதன் அடியில் செருகிய தகரம், கம்பி வளையத்தில் உட்கார்ந்திருக்கும் மங்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணம். காலையில் வெட்டியிருந்தால் மங்கில் பால் நிற்கும், கிட்டப் போனால் புளித்த வாடை அடிக்கும். உங்கள் தாமானிலேயே எழுபது வயதுப் பாட்டி ஒருவர், பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு விடியுமுன் பால் வெட்டுக்குப் போனவராக இருப்பார். கோலகங்சார் ரப்பர் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம் பாட்டி என்று சொல்லிப் பாருங்கள், அரை மணிக்கு எழுந்திருக்க விடமாட்டார். ஆனால் தயவுசெய்து, “நீங்க தமிழ் நல்லா பேசுறீங்களே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாலு தலைமுறையாக இங்கே தமிழ் பேசி வருகிறவர்கள், சுருக்கென்று தைக்கும்.

அதே வழியில் காராயில் விக்டோரியா பாலம் இருக்கிறது. 1900இல் திறந்த ரயில் பாலம், செங்கல் தூண்கள் இன்னும் ஜம்மென்று நிற்கின்றன. இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. ஓரத்து நடைபாதை குறுகல், சின்னப் பிள்ளைகள் இருந்தால் கீழிருந்து பார்த்தாலே போதும்.

சாப்பாடு? காலையில் ரொட்டி சானாயும் (நம்ம பரோட்டா மாதிரி) தே தாரேக்கும் (ஆற்றிய பால் டீ) எங்கும் கிடைக்கும். கோலகங்சார், குழம்பு ஊற்றிய நூடுல்ஸான லக்சாவுக்குப் பேர் பெற்றது, ஆனால் அந்தக் குழம்பு மீனில் செய்தது. சைவக்காரர்கள் தேங்காய்ப்பால் போட்ட குளிர் இனிப்பான செண்டோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலாய்க் கடையில் ‘டாகிங்’ என்றால் மாட்டிறைச்சி, வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கழிப்பறைக்குச் சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். எதிரே நடந்து வரும் மலாய்ப் பெரியவருக்கு ஒரு ‘செலாமாட் பாகி’ (காலை வணக்கம்) சொல்லுங்கள், பிள்ளை எத்தனாவது படிக்கிறான் என்று அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம், ஞாயிறுதானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சாலைச் சோதனையில் வெளிநாட்டவரிடம் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கார் இல்லாதவர்களுக்கு இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் உண்டு. ரயில்கள் அடிக்கடி கிடையாது, கோலகங்சார் ஸ்டேஷனும் ஆற்றுக்குச் சற்றுத் தள்ளித்தான். திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுப் போகும் டிக்கெட்டை எடுங்கள்.