கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து குழந்தையோடு லண்டன் வந்திருக்கிறீர்களா? பேங்க் கணக்கு, ஸ்கூல் சீட் பற்றி ஆளாளுக்குச் சொல்லித் தருவார்கள். பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போவதில் இங்கே என்ன சட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம்ம ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றினால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள். பத்து நாளில் பெரியவங்க நாலு பேர் வந்து பேசிக் கூட்டிப்போவார்கள். என் தோழியும் அதைத்தான் செய்தாள். என்ன, அவள் அம்மா வீடு காவேரிப்பட்டணத்தில். ஜூன் மாதம், மாம்பழம் குவிகிற நேரம். கணவர் வேலைக்குப் போயிருந்தபோது ஆறு வயதுப் பையனோடு விமானம் ஏறிவிட்டாள்.

இங்கிலாந்தில் அதற்குப் பெயர் குழந்தைக் கடத்தல். 1984-ம் வருஷத்துச் சட்டம். 16 வயதுக்குள் உள்ள பிள்ளையை நாட்டைவிட்டுக் கூட்டிப்போகப் பெற்ற தாய்க்கும் அப்பாவின் சம்மதம் வேண்டும்.

கணவர் இங்கே ஹைகோர்ட்டில் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டார். "நாடு கடத்திய பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடலை, பயப்படாதே" என்று ஊரில் ஒரு சட்டப்புலி தைரியம் சொல்லியிருக்கிறார். போடவில்லைதான். ஆனால் பிள்ளையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கணவர் சென்னை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாமே! வெளிநாட்டு உத்தரவைவிடப் பிள்ளையின் நலனே பெரிது என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதால், முடிவு எந்தப் பக்கமும் சாயலாம். இரண்டு நாட்டு வக்கீல்களுக்கும் அழுது, கழுத்துச் சங்கிலியும் போன பிறகு, அவளே திரும்பி வந்தாள். இப்போது பையன் வார நாளில் அப்பாவிடம், சனி ஞாயிறு இவளிடம்.

பிள்ளை யாரோடு இருப்பது என்பதை முறைப்படி முடிவு செய்வதென்றால்: முதலில் சமரசப் பேச்சு பற்றிய கூட்டம், பிறகு கோர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் சி100 படிவம், தேவைப்பட்டால் பிள்ளையின் நலன் பற்றிக் கோர்ட்டுக்குச் சொல்லும் காஃப்காஸ் அமைப்பின் அதிகாரியிடமிருந்து அறிக்கை. பிள்ளை என்ன நினைக்கிறது என்றும் கேட்பார்கள். அம்மாயி, அப்பிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி, தாத்தா) பேச்செல்லாம் அங்கே எடுபடாது. அவர்கள் மனு போடவே பெரும்பாலும் கோர்ட் அனுமதி வேண்டும். அடி உதை என்றால் சமரசத்துக்கு உட்கார வேண்டியதில்லை, நேராகப் பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை நான்.

ஊருக்குப் போகத்தான் வேண்டுமா? போகும் தேதி, வரும் தேதி, தங்கும் முகவரி எல்லாம் போட்டுச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன "சரி, போயிட்டு வா"வை நம்பாதீர்கள். தரமாட்டேன் என்றால் குடும்ப நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். பிள்ளை உங்களோடு வாழ வேண்டும் என்று உத்தரவே இருந்தால் 28 நாள் வரை வெளிநாடு கூட்டிப்போகத் தனிச் சம்மதம் வேண்டாம்.

தோழி போன ஆகஸ்டில், கையெழுத்து வாங்கிக்கொண்டு, பையனோடு மூன்று வாரம் போய்வந்தாள். மாம்பழ சீசன் முடிந்திருந்தது. எனக்கு நிப்பட்டு வாங்கி வந்தாள்.